தன் பள்ளி என்ற உணர்வு: தருமபுரி வகுப்பறைகளும் பன்மையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)

ஒரு பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க அரை நாள் போதும். அந்தப் பள்ளி தன்னுடையது என்று அந்தப் பிள்ளை உணர்வதற்கு ஆண்டுகள் ஆகலாம். சிலருக்கு அது நிகழாமலே பத்தாம் வகுப்பு முடிகிறது. வேறு சிலர் அது நிகழாததாலேயே ஏழிலோ எட்டிலோ நின்றுவிடுகிறார்கள். இடைநின்றவர்களின் பட்டியலில் வறுமையும் தூரமும் தேர்வுத் தோல்வியும் காரணங்களாகப் பதிவாகின்றன. பள்ளி தன்னை ஏற்கவில்லை என்று பிள்ளை உணர்ந்த காரணம் பதிவாவது அரிது.

பள்ளியில் பன்மை பற்றிய பேச்சில் மூன்று படிகளைப் பிரித்தறிய வேண்டும். பலவகைப் பிள்ளைகள் ஒரே வளாகத்துக்கு வருவது முதற்படி. அவர்கள் எல்லோரும் கற்பதற்கான ஏற்பாடுகளைப் பள்ளி செய்வது இரண்டாம் படி. இதையே உள்ளடக்கிய கல்வி என்கிறோம். இது என் பள்ளி, இங்கே எனக்குக் குரல் உண்டு என்று ஒவ்வொரு பிள்ளையும் கருதுவது மூன்றாம் படி. முதல் இரண்டுக்கும் சட்டங்களும் திட்டங்களும் உள்ளன. மூன்றாவது பெரும்பாலும் ஆசிரியரின் நல்ல மனத்துக்கு விடப்பட்டிருக்கிறது.

அவையோர் முன் வைக்கப்படும் மையக் கருத்து ஒன்றே. தன் பள்ளி என்ற உணர்வை ஆண்டுவிழா மேடையும் உறுதிமொழியும் உண்டாக்குவதில்லை. அன்றாட வழக்கங்கள் உண்டாக்குகின்றன. யார் எங்கே உட்காருகிறார், எந்தப் பெயரால் அழைக்கப்படுகிறார், எந்த மொழியில் பதில் சொல்லலாம், யார் பரிமாறுகிறார், யார் துடைப்பம் எடுக்கிறார் என்பவையே அந்த வழக்கங்கள். அவை பள்ளியின் கையில் இருக்கின்றன. ஆகவே அவற்றை மாற்ற முடியும். மாறினவா என்று சரிபார்க்கவும் முடியும். இக்கருத்து தருமபுரி மாவட்டத்தை முன்வைத்து ஒன்பது பகுதிகளாக விளக்கப்படுகிறது.

1. வகுப்பறைக்கு வருபவர்கள்

சேலம் மாவட்டத்திலிருந்து 1965 அக்டோபர் 2 அன்று பிரிந்தது தருமபுரி. 2004இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தபின், தருமபுரி, நல்லம்பள்ளி, பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி ஆகிய வட்டங்களைக் கொண்ட மாவட்டமாக அது நிற்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 15,06,843. எழுத்தறிவு 68.5 விழுக்காடு. மாநிலச் சராசரி அப்போது 80 விழுக்காட்டைத் தொட்டிருந்தது.

இந்த மாவட்டத்தின் பன்மை வெளியூரிலிருந்து வந்ததல்ல. சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கிலும் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். இவர்கள் தமிழ் பேசுபவர்கள். இருளர் குடியிருப்புகள் உள்ளன. குரும்பர் உள்ளனர். லம்பாடிகளின் குடியிருப்புகளான தண்டாக்களில் வீட்டுமொழி லம்பாடி. தெலுங்கோ கன்னடமோ வீட்டில் பேசும் குடும்பங்கள் பல. உருது பேசும் குடும்பங்களும் உண்டு. பட்டியல் சாதியினரிலேயே தமிழை வீட்டுமொழியாகக் கொண்டோரும் தெலுங்கைக் கொண்டோரும் இருக்கிறார்கள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் திருப்பூருக்குப் பின்னலாடை வேலைக்கும் பெற்றோர் போய்விட, தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் இன்னொரு பிரிவினர். அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றின் ஆறாம் வகுப்பில் இவர்களில் பலர் ஒரே பெஞ்சில் அமர நேரிடுகிறது.

அரசுப் பட்டியல்கள் இந்தப் பன்மையை முழுமையாகக் காட்டுவதில்லை. லம்பாடிகள் தெலங்கானாவில் பழங்குடியினர். கர்நாடகத்தில் பட்டியல் சாதியினர். தமிழ்நாட்டில் இவ்விரு பட்டியல்களிலும் இல்லை. மலையாளிகள் தருமபுரி, சேலம் முதலான, பட்டியலில் பெயர் குறிக்கப்பட்ட பழைய மாவட்டங்களில் மட்டுமே பழங்குடியினர். ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் அதே தகுதியை நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். உதவித்தொகைக்குப் பட்டியல் தேவை. பிள்ளையைப் புரிந்துகொள்ள அது போதாது. வீட்டுமொழி, பெற்றோர் எங்கே வேலை செய்கிறார்கள், பிள்ளை யாரிடம் வளர்கிறது, எவ்வளவு தொலைவு நடந்து வருகிறது என்னும் நான்கு விவரங்களையும் வகுப்பாசிரியர் ஜூன் மாதத்திலேயே அறிந்திருக்க வேண்டும்.

2. சர்வதேசப் பள்ளிகள் கற்றுத்தருவது

பல நாட்டுப் பிள்ளைகளை ஒரே கூரையின்கீழ் படிக்கவைக்கும் முயற்சிக்கு நூற்றாண்டு வயதாகிறது. உலக நாடுகள் சங்கத்திலும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பிலும் பணிபுரிந்தவர்களின் பிள்ளைகளுக்காக 1924இல் ஜெனீவா சர்வதேசப் பள்ளி தொடங்கியது. அந்நகரிலேயே 1968இல் இன்டர்நேஷனல் பாக்கலோரியேட் அமைப்பு உருவானது. தமிழ்நாட்டில் இதற்கு இணையான வரலாறு கொடைக்கானலில் உண்டு. அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக 1901இல் ஹைக்ளெர்க் என்ற பெயரில் தொடங்கிய பள்ளியே இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. 1976இல் இன்டர்நேஷனல் பாக்கலோரியேட் பாடத்திட்டத்தை இந்தியாவில் முதலில் ஏற்றதும் அதுவே.

இத்தகைய பள்ளிகளின் அனுபவத்திலிருந்து இரண்டு பாடங்கள் எடுத்துக்கொள்ளத்தக்கவை. முதலாவது, பள்ளியின் மொழி வேறாக இருந்தாலும் பிள்ளையின் தாய்மொழியைக் காக்கப் பள்ளி பொறுப்பேற்கலாம் என்பது. இரண்டாவது, இடம்பெயரும் பிள்ளையை வரவேற்கவும் வழியனுப்பவும் முறையான ஏற்பாடு வேண்டும் என்பது. பெற்றோரின் பணிமாற்றத்தால் பிள்ளைகள் வந்துபோவது அங்கே இயல்பு. புதிதாக வரும் பிள்ளைக்குத் துணையாக ஒரு மாணவரை அமர்த்துவது, முந்தைய பள்ளியின் கற்றல் பதிவுகளைக் கேட்டுப் பெறுவது போன்றவை அங்கே பழகிப்போன நடைமுறைகள்.

அவற்றின் எல்லையும் தெளிவானது. பாஸ்போர்ட்டின் நிறங்கள் பலவாக இருந்தாலும், உயர்ந்த கட்டணம் காரணமாகப் பெற்றோரின் பொருளாதார நிலை ஏறத்தாழ ஒன்றாகவே அமைந்துவிடுகிறது. கல்வி உதவித்தொகை சிலரை உள்ளே கொண்டுவந்தாலும் வாசலின் அகலம் கட்டணத்தால் தீர்மானமாகிறது. வாழ்நிலை, சாதி, மொழி, தொழில் ஆகிய அளவுகளில் பார்த்தால் அரூர் வட்டத்து அரசுப் பள்ளி அவற்றில் பலவற்றைக் காட்டிலும் பன்மை மிக்கது. அங்கே பன்மையைத் தேடிக் கொண்டுவர வேண்டியதில்லை. வந்திருக்கும் பன்மைக்கு ஏற்பப் பள்ளி நடந்துகொள்வதே மீதி வேலை. மேற்சொன்ன இரண்டு பாடங்களும் பெருஞ்செலவு கேட்பவை அல்ல.

3. சட்டம் திறந்துவைத்த கதவு

அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. 21அ பிரிவு 6 முதல் 14 வயது வரையிலான கல்வியை அடிப்படை உரிமையாக்குகிறது. அதைச் செயல்படுத்த வந்த 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பொதுவாக 25 விழுக்காட்டு இடஒதுக்கீட்டுக்காகவே பேசப்படுகிறது. தனியார் பள்ளியின் நுழைவு வகுப்பில் நலிந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களுக்கும் அந்த இடங்கள் உரியவை. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

அச்சட்டத்தின் வேறு பிரிவுகள் இவ்வுரையின் பொருளுக்கு இன்னும் நெருக்கமானவை. வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, விடுபட்டதைக் கற்க சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது 4ஆம் பிரிவு. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 5ஆம் பிரிவு. நலிந்த பிரிவுப் பிள்ளைகள் பாகுபாட்டுக்கு உள்ளாகாமல் பார்ப்பது அரசின் கடமை என்கிறது 8ஆம் பிரிவு. வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பத் தடை விதிக்கிறது 14ஆம் பிரிவு. உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் விலக்குகிறது 17ஆம் பிரிவு.

இந்தப் பிரிவுகள் தலைமையாசிரியர் அறைச் சுவரில் எழுதப்பட வேண்டியவை. பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் வரும் இருளர் பிள்ளைக்கும், பாதி ஆண்டில் பெங்களூரிலிருந்து திரும்பி வரும் கட்டடத் தொழிலாளியின் பிள்ளைக்கும் முதல் நாளிலேயே பள்ளி என்ன பதில் சொல்கிறது என்பதை இவையே தீர்மானிக்கின்றன. பழங்குடிச் சான்றிதழை வட்டாட்சியர் தருவதில்லை; வருவாய்க் கோட்டாட்சியரே தருகிறார். மலையூரிலிருந்து அந்த அலுவலகத்துக்குப் பலமுறை நடப்பது கூலிக் குடும்பத்துக்குப் பெரும் இழப்பு. சான்றிதழ் வரும்வரை பிள்ளையை எழுப்பி நிறுத்திக் கேட்காமல் இருப்பதும், விண்ணப்பங்களைப் பள்ளியே ஒன்றாகத் திரட்டி அனுப்புவதும் எளிய, ஆனால் பெரிய உதவிகள்.

4. வீட்டுமொழி

லம்பாடி பேசும் பிள்ளை முதல் வகுப்பில் தமிழை அந்நிய மொழியாகவே சந்திக்கிறது. மலையாளிப் பிள்ளையின் தமிழும் பாடநூல் தமிழும் ஒன்றல்ல. முதல் பிள்ளை பேசாமல் இருக்கிறது. இரண்டாம் பிள்ளை பேசினால் திருத்தப்படுகிறது. இரண்டுமே சில மாதங்களில் வாய்மூடப் பழகிவிடுகின்றன. அப்பழக்கம் 'மந்தமான பிள்ளை' என்ற முத்திரையாக மாற நெடுநாள் ஆவதில்லை.

பிள்ளைக்குத் தெரிந்த மொழியில் தொடங்கி, பள்ளி மொழிக்கு நடத்திச் செல்வது உலகெங்கும் ஏற்கப்பட்ட முறை. ஒடிசா மாநிலம் 2006-07இல் பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்க வகுப்புகளைத் தொடங்கிப் பின்னர் இருபத்தொரு மொழிகளுக்கு விரித்தது. தமிழ்நாட்டிலும் முன்மாதிரி உண்டு. செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வரும் தொழிலாளர் பிள்ளைகளுக்காகத் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒடியா மொழியிலேயே வகுப்புகள் நடத்தப்பட்டன. வேற்று மாநிலப் பிள்ளைக்குச் செய்ய முடிந்ததை இந்த மண்ணின் லம்பாடிப் பிள்ளைக்கும் இருளர் பிள்ளைக்கும் செய்ய முடியும்.

தனிப் பாடநூல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அந்த மொழி பேசும் ஊர்ப்பெண் ஒருவரை முதல் இரண்டு வகுப்புகளுக்கு உதவியாளராக அமர்த்தலாம். கதை சொல்லும் நேரத்தை வீட்டுமொழிக்கு விடலாம். சுவரில் ஒட்டும் படங்களுக்கு இரு மொழிப் பெயர்களையும் எழுதலாம். லம்பாடிக்குத் தமிழ் எழுத்தே போதும். வீட்டுமொழியில் சொன்ன பதிலும் பதில்தான் என்று ஆசிரியர் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து பிள்ளை பேசத் தொடங்கும். தமிழை நன்றாகக் கற்பதற்கும் அதுவே நேர்வழி.

5. இருக்கை, தட்டு, துடைப்பம், பெயர்

ஒன்றாக உண்பதைப் பள்ளியின் வேலையாக்கிய பெருமை தமிழகத்துக்கு உண்டு. 1920இல் சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய உணவளிப்பு, காமராசர் ஆட்சியில் 1956இல் மாநிலத் திட்டமானது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டே அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் சென்றது. பசி தீர்ப்பது இதன் முதற்பயன். ஒரே பாத்திரத்துச் சோற்றை ஒரே வரிசையில் உண்பது இரண்டாவது பயன். சமூக மாற்றத்தில் அதற்கு முதற்பயனுக்குக் குறையாத எடை உண்டு.

இந்த இரண்டாம் பயன் தானாகக் கிடைப்பதில்லை. பட்டியல் சாதிப் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்று பெற்றோர் சிலர் தடுத்த நிகழ்வுகள் 2023இல் கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் வெளிவந்தன. மாவட்ட நிர்வாகத்தினரும் மக்கள் பிரதிநிதிகளும் பள்ளிக்குச் சென்று பிள்ளைகளோடு அமர்ந்து உண்ணும்படி ஆயிற்று. அங்கே பிள்ளைகளிடம் தயக்கம் இருந்திருந்தால் அது வீட்டில் கற்றது. அதைக் களைய வல்ல இடம் பள்ளி.

அதே ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் உடன்படிக்கும் மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டனர். அதன்பின் அமைக்கப்பட்ட, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூன் 18 அன்று அறிக்கை அளித்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்குதல், அகரவரிசையில் மாணவரை அமர்த்துதல், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுத்தல், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இடம்பெறாமல் பார்த்தல் ஆகியவை அதன் பரிந்துரைகளில் சில. பெரிய கோட்பாடுகளைப் பேசுவதோடு நில்லாமல் இருக்கை, கயிறு, பதிவேடு என்ற அளவுக்கு இறங்கி வந்ததே அந்த அறிக்கையின் வலிமை. 2025 ஜூலையில் அரசு விடுதிகள் 'சமூக நீதி விடுதி' என்று பெயர் மாற்றப்பட்டதும் இத்திசையில் ஓர் அடி.

அறிக்கைகளில் போதிய அழுத்தம் பெறாத ஒரு வழக்கம் துப்புரவு. வகுப்பைக் கூட்டுவதும் கழிப்பறைக்குத் தண்ணீர் ஊற்றுவதும் யாருக்குச் சொல்லப்படுகின்றன என்று ஒரு மாதம் குறித்துவைத்தால் பள்ளியின் உண்மை நிலை தெரியும். கழிப்பறையைக் கழுவுவது எந்தப் பிள்ளைக்கும் வேலை ஆகாது. அதற்குப் பணியாளர் வேண்டும். வகுப்பைப் பெருக்குவது எல்லோருக்கும் முறை வைத்து வர வேண்டும். ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்து.

6. நம்பிக்கை

பெற்றோரின் கண்ணுக்குப் பள்ளியும் ஓர் அரசு அலுவலகம். அரசோடு அந்த ஊருக்கு இருந்த உறவு பள்ளியோடு உள்ள உறவிலும் படிகிறது. இதை மறந்து தருமபுரியில் பள்ளி நடத்த முடியாது.

அரூர் வட்டத்து வாச்சாத்தி மலையாளிப் பழங்குடியினரின் ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி நுழைந்த வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் அங்கே வன்கொடுமை புரிந்தார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாயினர். குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடியுமுன்பே இறந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே நாளில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளிப் பருவம் முழுவதையும் இந்த வழக்கின் நிழலில் கழித்தனர்.

2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய பட்டியல் சாதிக் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. சாதி கடந்த திருமணம் ஒன்று அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட வீடுகள் எரிந்தும் சிதைந்தும் போயின. இத்தகைய நிகழ்வுக்குப் பிறகும் இரு தரப்புப் பிள்ளைகளும் ஒரே பேருந்தில் ஏறி ஒரே உயர்நிலைப் பள்ளிக்குத்தான் செல்கிறார்கள்.

ஊரில் பெரும் வன்முறை நிகழ்ந்தபின் பள்ளி மௌனம் காப்பது நடுநிலை ஆகாது. பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு அந்த மௌனம் புறக்கணிப்பாகவே படுகிறது. பள்ளி செய்யத்தக்கவை தெளிவானவை: எரிந்த நூல்களுக்கும் சான்றிதழ்களுக்கும் மாற்றுப் பெற்றுத் தருவது, வராத பிள்ளையின் வீட்டுக்கு ஆசிரியர் செல்வது, ஏளனமும் மிரட்டலும் வகுப்புக்குள் நுழையாமல் தடுப்பது, தீண்டாமையை ஒழிக்கும் அரசமைப்பின் 17ஆம் பிரிவைத் தேர்வுக்கான பாடமாக மட்டும் நடத்தாமல் அந்த ஊரின் வாழ்வோடு சேர்த்து நடத்துவது. ஆசிரியர் தம் சாதியை மாணவர் அறியும்படி நடந்துகொள்ளாமல் இருப்பதும் இவற்றோடு சேரும்.

7. உடலும் பெண்மையும்

1994இல் ஸ்பெயினின் சலமான்கா நகரில் 92 அரசுகள் கூடி, மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகள் பொதுப்பள்ளியிலேயே படிக்க வேண்டும் என்று அறிவித்தன. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இயலாமையின் வகைகளை இருபத்தொன்றாக விரித்து, உள்ளடக்கிய கல்வியைக் கடமையாக்கியது. தமிழ்நாட்டில் வட்டார வள மையங்களின் சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் செல்கிறார்கள். அவர்கள் வரும் நாளில் மட்டும் கவனிக்கப்படும் பிள்ளை வகுப்பின் உறுப்பினர் ஆவதில்லை. வகுப்பாசிரியரின் பாடத்திட்டத்தில் அந்தப் பிள்ளைக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும். சாய்தளம் கழிப்பறை வரை செல்ல வேண்டும்.

பெண் பிள்ளைகளின் நிலைக்குத் தருமபுரியில் தனி வரலாறு உண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் இம்மாவட்டத்துக்கும் வந்தது. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்டோரில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 826 மட்டுமே. 2011இல் அது 913 ஆக உயர்ந்தது. பிறக்கும் உரிமையை வென்ற பெண் பிள்ளைக்கு அடுத்த தடை பருவமடையும் வயதில் வருகிறது. தண்ணீர் வரும் கழிப்பறையும் நாப்கினும் இல்லாத பள்ளி மாதத்தில் சில நாள்கள் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. இந்த விடுப்புகள் கூடக்கூடத் திருமணப் பேச்சு எழுகிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களின் உயர்கல்விக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் வந்தது. அந்த உதவி அவளை எட்ட வேண்டுமானால், எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான ஆண்டுகளைப் பள்ளி காத்துத் தர வேண்டும்.

8. தூரமும் இடப்பெயர்வும்

பென்னாகரம் தொகுதியைச் சேர்ந்த கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதைமேல் ஏற்றிச் செல்லப்படுவது தேர்தல்தோறும் செய்தியாகும். தேர்தல் இல்லாத நாள்களில் அதே பாதையில் பிள்ளைகள் நடக்கிறார்கள். தொடக்கப் பள்ளிக்குப் பிறகு மலையூர்ப் பிள்ளை அடிவாரத்து விடுதிக்கோ உண்டு உறைவிடப் பள்ளிக்கோ வர வேண்டியதாகிறது. பத்து வயதில் வீட்டைப் பிரியும் அந்தப் பிள்ளைக்கு விடுதிக் காப்பாளரே பள்ளியின் முகம். உணவில் கேழ்வரகும் சாமையும் இருப்பது, வாரம் ஒருமுறை வீட்டோடு பேச முடிவது, ஊர்த் திருவிழாவுக்கு விடுப்பு கிடைப்பது ஆகிய சிறு ஏற்பாடுகள் அங்கே பெரிய வேறுபாட்டை உண்டாக்குகின்றன. திருவிழாவுக்குப் போன பிள்ளை திரும்பி வராது என்று அஞ்சி விடுப்பை மறுக்கும் விடுதிகளிலிருந்து பிள்ளைகள் ஓடிவிடுவதே அதிகம்.

இடம்பெயரும் பிள்ளைகளின் சிக்கல் வேறு. நடுவில் மூன்று மாதம் இல்லாமல் போய்த் திரும்பும் பிள்ளைக்கு வகுப்பு வெகுதூரம் முன்னே போயிருக்கும். இதற்கு ஒரு தீர்வு தமிழகத்தில் ஏற்கெனவே முயன்று பார்க்கப்பட்டது. ஆந்திரத்தின் மதனபள்ளி அருகே உள்ள ரிஷிவேலியின் கிராமக் கல்வி மையம், பாடங்களைச் சிறு அட்டைகளாகவும் படிநிலைகளாகவும் பிரித்து ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறும் முறையை வகுத்தது. சென்னை மாநகராட்சி 2003இல் அதைத் தழுவியது. 2007-08இல் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் மாநிலம் முழுதும் அது சென்றது. விட்ட படியிலிருந்தே பிள்ளை தொடரலாம் என்பது அம்முறையின் பெருங்கொடை. கட்டணம் வாங்கும் ரிஷிவேலி உறைவிடப் பள்ளியின் அருகில், ஏழைப் பிள்ளைகளுக்காகத் தோன்றிய முறை மாநிலத்தின் பொதுச்சொத்தாக மாறியது. அதன் நடைமுறைக் குறைகள் பேசப்பட்டு அது பின்னர் மாற்றப்பட்டாலும், இடம்பெயரும் பிள்ளைகள் மிகுந்த தருமபுரிக்கு அந்தக் கருத்து இன்றும் தேவை.

9. சிட்லிங்கி காட்டும் வழியும் சரிபார்க்கும் முறையும்

கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையில் அரூர் வட்டத்தில் உள்ளது சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. மலையாளிகளும் லம்பாடிகளும் வாழும் இடம். 1993இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் அங்கே பழங்குடி நலவாழ்வு அமைப்பைத் தொடங்கினர். வெளியூர்ச் செவிலியர்களை எதிர்பாராமல் உள்ளூர்ப் பெண்களையே செவிலியராகவும் ஊர்தோறும் நலப்பணியாளராகவும் பயிற்றுவித்தது அவர்களின் முதல் முடிவு. ஆயிரத்துக்கு 147 என்றிருந்த சிசு இறப்பு வீதம் இருபதுக்கு அருகில் இறங்கியது. லம்பாடிப் பெண்களின் மறைந்துகொண்டிருந்த பூத்தையல் 'பொர்கை' என்ற அமைப்பாகத் திரும்ப எழுந்தது. இயற்கை உழவர் சங்கம் சிறுதானியத்துக்கு விலை தேடித்தந்தது.

அதே பள்ளத்தாக்கில் கட்டடக் கலைஞர்களான கிருஷ்ணாவும் அனுராதாவும் 2000களின் தொடக்கத்தில் 'துளிர்' கற்றல் மையத்தை உருவாக்கினர். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மாலையில் வந்து படிக்கவும் கைவேலை செய்யவும் விளையாடவும் இடம் கிடைத்தது. பத்தாம் வகுப்பைத் தாண்ட முடியாத இளைஞர்கள் மண் கட்டடம், மின்பணி போன்ற தொழில்களோடு கல்வியைத் தொடர்ந்தனர். பின்னர் தொடக்கப் பள்ளியும் வந்தது. ஊர் இளைஞர்களும் அங்கே கற்பிக்கிறார்கள்.

சிட்லிங்கியிலிருந்து அரசுப் பள்ளிகள் எடுத்துக்கொள்ளத்தக்கவை இரண்டு உண்டு. பிள்ளையின் ஊருக்குத் தெரிந்தவை பள்ளியில் அறிவாக மதிக்கப்பட வேண்டும். ஊரைச் சேர்ந்த ஒருவர் பள்ளியில் பொறுப்புள்ள இடத்தில் இருக்க வேண்டும். தன் அக்காவைப்போல் பேசுபவர் கரும்பலகை முன் நிற்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு, இந்த இடம் தனக்கும் உரியது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

தன் பள்ளி என்ற உணர்வை அளக்கவும் முடியும். அமெரிக்கக் கல்வி உளவியலாளர் கரோல் குட்டினோ 1993இல் அதற்காகப் பதினெட்டுக் கூற்றுகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். பன்னாட்டு மாணவர் மதிப்பீடான பீசா, மாணவரின் இவ்வுணர்வைப் பற்றியும் வினவுகிறது. தருமபுரிப் பள்ளிக்கு நீண்ட வினாத்தாள் வேண்டாம். ஆறு கேள்விகள் போதும்:

முன்வரிசையிலும் வகுப்புத் தலைவர் பொறுப்பிலும் ஓராண்டில் யார் யார் இருந்தனர்?

துடைப்பம் யார் கைக்குச் சென்றது?

எந்தெந்த வீட்டுமொழிகள் வகுப்பில் ஒருமுறையேனும் ஒலித்தன?

சுற்றுலாவிலும் ஆண்டுவிழாவிலும் பங்குபெறாத பிள்ளைகள் யார்?

பத்து நாள்களுக்கு மேல் வராத பிள்ளையின் வீட்டுக்கு யார் சென்றார்?

துன்பம் வந்தால் சொல்லிக்கொள்ள இப்பள்ளியில் ஒரு பெரியவர் உண்டு என்று எத்தனை பிள்ளைகள் சொல்கிறார்கள்?

இவற்றுக்குப் பதில் கேட்கும் உரிமையுள்ள அமைப்பும் சட்டத்தில் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு உரிய பங்கையும் அது வற்புறுத்துகிறது. 2022இல் தமிழகம் முழுதும் இக்குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டன. குழுக்கூட்டம் கூலிநாளின் நடுவேளையில் கூடினால் தண்டாவிலிருந்தும் மலையூரிலிருந்தும் தாய்மார் வரமாட்டார்கள். மாலையிலோ விடுமுறை நாளிலோ கூட்ட வேண்டும்.

அவையோரே, தலைமையாசிரியர் இந்த ஆறு கேள்விகளுக்கான விடைகளை ஆண்டுக்கு இருமுறை அக்குழுவின்முன் வைக்க வேண்டும் என்பதே இவ்வுரையின் பரிந்துரை. இருக்கையும் துப்புரவு முறையும் மாற்றுச் சான்றிதழ் கேட்கும் வழக்கமும் தலைமையாசிரியரின் ஆணையால் மறுநாளே மாறக்கூடியவை. மொழி உதவியாளரும் சாய்தளமும் மலைப்பாதைக்கு வாகனமும் அரசின் நிதியைக் கேட்பவை. முதல் வகையைப் பள்ளி உடனே செய்து காட்டினால், இரண்டாம் வகையைக் கேட்கும் தகுதியும் துணிவும் பெற்றோருக்கு வரும்.